சயரோகத்தின் வேரைக் கண்டவர்: றொபேட் கொக்

நோய் இன்னதெனத் தெளிதல் ஒன்று. அந்நோய் எதனால் வந்ததெனத் தேர்தல் மற்றொன்று. அதனைத் தீர்க்கும் வழி காண்டல் பிறிதொன்று. மருத்துவத்தின் இம்மூன்று படிகளையும் வள்ளுவப் பெருந்தகையார் என்றோ வரிசைப்படுத்திச் சென்றார். இவற்றுள் இரண்டாம் படியை உலகம் வியக்க ஏறிக் காட்டியவர் ஒருவர். மூன்றாம் படியில் அவர் கால் இடறி வீழ்ந்தார். ஆயினும் வீழ்ந்த இடத்திலேயே, முதற் படிக்கு உதவும் கருவியொன்றை உலகுக்கு விட்டுச் சென்றார். அப்பெரியார் ஜேர்மன் தேசத்து வைத்தியர் றொபேட் கொக் ஆவர். அவர்தம் வரலாற்றை இவ்விழா மலர் வாயிலாகப் பழைய மாணவர்க்கும், இன்று பயிலும் மாணவர்க்கும், உடனாசிரியர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

தமிழாசிரியருக்கும் கிருமி நூலுக்கும் என்ன உறவு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அதற்கு விடை எம் வாழ்விலேயே உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் கற்பித்த வேறொரு பாடசாலையில், எம் வகுப்பு மாணவன் ஒருவன் வாரக்கணக்காக இருமினான், மாலையிற் காய்ச்சல் வந்தது, உடல் மெலிந்தது. வைத்தியர்கள் சளியைச் சோதித்துச் சயரோகம் என்றனர். சிகிச்சை பெற்று, இனி அவனால் எவர்க்கும் தொற்றாது என்னும் வைத்தியர் கடிதத்துடன் அவன் திரும்பி வந்தான். வந்தவன் இருந்த வாங்கில் எவரும் அமர்ந்தாரல்லர். பிள்ளைகளைக் குறை கூறுதல் தகாது. அவன் நீட்டிய கொப்பியை நாமே விரல் நுனியால் வாங்கினோம். அதனை அவன் கண்டான். கண்டு, தலை குனிந்து தன் இடத்திற்குச் சென்றான். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. எதற்கு அஞ்சினோம் என்று எம்மையே வினவினோம். அந்த வினாவே எம்மை றொபேட் கொக் அவர்களின் வரலாற்றுக்கு இட்டுச் சென்றது.

இளமையும் கல்வியும்

ஜேர்மனியின் ஹார்ஸ் மலைப் பகுதியிலே கிளவுஸ்தால் என்னும் சுரங்க நகரம் ஒன்றுண்டு. அந்நகரில் 1843ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 11ஆந் தேதி றொபேட் கொக் பிறந்தார். தந்தையார் சுரங்கத் தொழிலில் மேல்நிலை எய்திய உத்தியோகத்தர். பிள்ளைகள் பதின்மூவருள் இவர் மூன்றாமவர். ஐந்து வயதிலேயே செய்தித்தாளை வைத்துக்கொண்டு எழுத்துக்களைத் தாமாகவே கற்றுக்கொண்டு பெற்றோரை வியப்பித்தார் என்பர். பூச்சிகளையும் செடிகளையும் கற்களையும் சேர்த்து வைத்தல் இளமையில் இவர்க்கு வாய்த்த பொழுதுபோக்காகும்.

1862ஆம் ஆண்டிற் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் புகுந்து மருத்துவம் பயின்றார். ஆங்கு யாக்கொப் ஹென்லே என்னும் பேராசிரியர் இருந்தார். தொற்று நோய்கள் உயிருள்ள நுண்பொருள்களாலேயே உண்டாகின்றன என்று, அதனை நிறுவுதற்குக் கருவியில்லாத காலத்திலேயே, 1840ஆம் ஆண்டில் எழுதியவர் அவர். ஆசிரியர் இட்ட வித்து மாணாக்கர் நெஞ்சிற் பல்லாண்டு கிடந்து முளைப்பதுண்டு. கொக் அவர்களிடத்தும் அவ்வாறே நிகழ்ந்தது.

1866ஆம் ஆண்டில் வைத்தியப் பட்டம் பெற்றார்; அடுத்த ஆண்டில் எம்மி என்னும் நங்கையை மணந்தார். கப்பலேறித் தூர தேசங்களைக் காணவேண்டும் என்பது அவர் உள்ளத்து அவா. எனினும் குடும்பச் சுமை அவரைச் சிற்றூர்களிலேயே நிறுத்திற்று. பிரான்சுக்கும் ஜேர்மன் நாடுகளுக்கும் 1870ஆம் ஆண்டிற் போர் மூண்டபோது தாமாக முன்வந்து படை வைத்தியராகப் பணியாற்றினார். பின்னர் 1872ஆம் ஆண்டில், இன்று போலந்து நாட்டிலுள்ள வொல்ஸ்ரைன் என்னும் ஊரில் மாவட்ட வைத்திய அதிகாரியானார்.

திரைக்குப் பின்னால் ஓர் ஆய்வுகூடம்

வொல்ஸ்ரைனிற் பல்கலைக்கழகம் இல்லை, நூல்நிலையம் இல்லை, உடனுரையாடும் அறிஞரும் இல்லை. நோயாளரைப் பார்க்கும் அறையின் ஒரு பகுதியைத் திரைச்சீலையால் மறைத்து அதனையே ஆய்வுகூடமாக்கிக் கொண்டார். மனைவியார் பிறந்தநாட் பரிசாக அளித்த நுணுக்குக்காட்டியே அங்கிருந்த தலையாய செல்வம் என்று கூறுவர்.

அப்பகுதியில் மாடுகளையும் ஆடுகளையும், சிற்சில வேளை மனிதரையும் அடைப்பான் நோய் வாட்டியது. அந்நோயால் இறந்த விலங்குகளின் இரத்தத்திற் கோல் போன்ற நுண்பொருள்களை முன்னரே சிலர் கண்டிருந்தனர். அவை நோய்க்குக் காரணமோ, நோயின் விளைவோ என்பதே ஐயம். கொக் அவர்கள் சிறு மரச்சிராய்களைச் சூடேற்றித் தூய்மை செய்து, நோயுற்ற விலங்கின் இரத்தத்தில் தோய்த்து, எலிகளின் தோலுக்குள் ஏற்றினார். எலிகள் அதே நோயால் மடிந்தன. ஓர் எலியினின்று மற்றோர் எலிக்கும், அதனின்று வேறோர் எலிக்குமாகத் தொடர்ந்து ஏற்றியபோதும் நோய் மாறவில்லை. மாட்டுக் கண்ணிலிருந்து எடுத்த தெளிநீரில் அக்கிருமியை உடலுக்குப் புறத்தே வளர்த்தார். அது வித்துருக்கொண்டு நீண்ட காலம் உறங்கிக் கிடக்க வல்லது என்பதையும் கண்டார். நோயுற்ற விலங்கைப் புதைத்த மேய்ச்சல் நிலம் ஏன் ஆண்டுகள் கழிந்தும் மந்தைகளைக் கொல்கின்றது என்னும் புதிர் அதனால் விடுபட்டது.

1876ஆம் ஆண்டிற் பிரெஸ்லோ நகரப் பேராசிரியர் பேர்டினண்ட் கோன் என்பாரிடம் சென்று தம் சோதனைகளைச் செய்து காட்டினார். ஊர் பேர் அறியாத நாட்டுப்புற வைத்தியர் ஒருவரின் செயற்றிறத்தைக் கண்டு அவ்வறிஞர் வியந்தார். ஆய்வுரையைத் தம் வெளியீட்டிலேயே அச்சேற்றினார். தகுதியைக் கண்டவிடத்துப் பொறாமையின்றிப் போற்றும் பண்பு இல்லாதிருந்தால், கொக் என்னும் பெயர் வொல்ஸ்ரைன் எல்லையைத் தாண்டியிராது. 1880ஆம் ஆண்டிற் பேர்லினில் அமைந்த பேரரசின் சுகாதார அலுவலகம் அவரை அழைத்துக்கொண்டது.

வேரைத் தேடிய எட்டு மாதங்கள்

அக்காலத்து ஐரோப்பாவிற் சயரோகத்தின் கொடுமை அளவிறந்தது. இறப்பவர் எழுவருள் ஒருவர் அதனால் இறந்தனர் என்று கொக் அவர்களே கணக்கிட்டுள்ளார். நடுவயதினரை மட்டும் எடுத்துக்கொண்டால் மூவருள் ஒருவர் என்றும், அதற்கு மேலும் என்றும் அவர் கணித்தார். எம் முன்னோர் அதனை எலும்புருக்கி என்றும், கசம் என்றும், க்ஷயம் என்றும் வழங்கினர். உடலைச் சிறிது சிறிதாக உருக்கித் தேய்க்கும் தன்மையாற் போந்த பெயர்கள் இவை. அது குலவழி வரும் நோய் என்றே ஐரோப்பிய வைத்தியருட் பெரும்பாலோர் நம்பினர். ஒரு வீட்டிற் பலர் அடுத்தடுத்து இறப்பதைக் கண்டு அந்நம்பிக்கை வேரூன்றியது போலும். ஒரே அறையின் காற்றை அவர்கள் பகிர்ந்து உயிர்த்தமையை எவரும் எண்ணிப் பார்த்திலர்.

இதற்கு முன்னரும் வழிகாட்டியோர் உளர். பிரான்சு தேசத்து லேனெக் என்னும் வைத்தியர் 1816ஆம் ஆண்டில் மார்பின் ஒலி கேட்கும் குழலை அமைத்து, நுரையீரலில் நிகழும் சிதைவை உயிருள்ளபோதே அறியும் வழியைக் காட்டினார். அவர்தாமும் 1826ஆம் ஆண்டிற் சயரோகத்துக்கே இரையானார். அந்நாட்டவரான வில்மன் என்பார், நோயாளரின் உடற்பொருளை முயல்களுக்கு ஏற்றி இந்நோய் தொற்றக் கூடியதென 1865ஆம் ஆண்டிலேயே காட்டினார். அன்று அவர் சொல்லுக்குச் செவி சாய்த்தோர் மிகச் சிலரே. தொற்றுகின்ற பொருள் யாது என்பதை அவராற் கண்ணுக்குக் காட்ட இயலாமற் போயிற்று.

1881ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கொக் அவர்கள் இவ்வாராய்ச்சியைத் தொடங்கினார். தடைகள் இரண்டு இருந்தன. முதலாவது, சயரோகக் கிருமி பிற கிருமிகளைப் போல எளிதிற் சாயம் ஏற்பதில்லை. மெழுகு போன்றதொரு போர்வை அதனைச் சூழ்ந்துள்ளது. இரண்டாவது, அது மிக மெதுவாகப் பெருகுவது. பொதுவான குடற்கிருமி ஒன்று இருபது நிமிடத்தில் இரண்டாகப் பிரியுமெனின், சயரோகக் கிருமி இரண்டாகப் பிரிய ஒரு நாளின் பெரும்பகுதி கழியும்.

முதல் தடையை, காரம் கலந்த நீலச் சாயத்தில் நெடுநேரம் ஊறவைத்தும், அதன்மேற் கபிலச் சாயம் ஏற்றியும் கடந்தார். சுற்றிலும் கபில நிறமாகிய இழையங்களின் நடுவே, மெல்லிய நீலக் கோல்கள் சற்றே வளைந்து கிடந்தன. இரண்டாம் தடையைப் பொறுமையால் வென்றார். இரத்தத்தின் தெளிநீரை இளஞ்சூட்டில் இறுகச் செய்து, அதன்மேல் நோய்ப் பொருளைத் தடவி, உடற் சூட்டிலேயே வைத்துக் காத்திருந்தார். முதல் வாரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. வேறொருவராயின் எறிந்திருப்பர். இரண்டாம் வாரத்திலே வெண்ணிறச் செதில் போன்ற புள்ளிகள் அரும்பின. அவற்றை எடுத்துக் கினிப்பன்றிகளுக்கு ஏற்றினார். அவை சயரோகத்தால் மடிந்தன. அவற்றின் உடலிலும் அதே கோல்கள் காணப்பட்டன.

இவ்விடத்தில் ஓர் அம்மையாரையும் நினைவுகூர்தல் கடனாகும். கொக் அவர்களின் கூடத்திற் பணியாற்றிய ஹெஸ்ஸே என்பாரின் மனைவி பானி, கிருமிகளை வளர்க்கும் கூழ் கோடை வெப்பத்தில் உருகிப் போதலைக் கண்டு, தம் அடுக்களையில் இனிப்புப் பண்டத்தை இறுகச் செய்யப் பயன்படுத்திய கடற்பாசியை எடுத்துக்காட்டினார். எம்மவர் நோன்பு காலத்திலும் விருந்திலும் காய்ச்சி உறையவிடும் அதே கடற்பாசிதான். இன்றும் உலகத்து ஆய்வுகூடங்களிற் கிருமிகள் அதன்மேலேயே வளர்க்கப்படுகின்றன.

1882ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆந் தேதி மாலை, பேர்லின் உடற்றொழிலியற் சங்கத்தின் சிறு கூடத்திற் கொக் அவர்கள் தம் கண்டுபிடிப்பை எடுத்துரைத்தார். அவர் நாவன்மை படைத்தவரல்லர். தட்டுத் தடுமாறியே பேசினார். ஆயினும் நுணுக்குக்காட்டிகளையும், இருநூறுக்கு மேற்பட்ட கண்ணாடித் தகடுகளையும் வளர்ப்புகளையும் மேசையிற் பரப்பி வைத்திருந்தார். உரை முடிந்ததும் கைதட்டலும் இல்லை, வினாவும் இல்லை, மறுப்பும் இல்லை. அவையோர் எழுந்து ஒருவர் பின் ஒருவராகச் சென்று நுணுக்குக்காட்டியினூடே நோக்கினர். அங்கிருந்த இளைஞர் போல் ஏர்லிஷ் என்பார், தம் அறிவியல் வாழ்வில் அதனை நிகர்த்த மாலை வேறில்லை எனப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அவ்விளைஞர் வாளாவிருந்தாரல்லர். சில கிழமைகளுள்ளேயே சாயமேற்றும் முறையைத் திருத்தியமைத்தார். சாயம் ஏற்ற பின்னர் அமிலத்தாற் கழுவினும் சயரோகக் கிருமி நிறம் இழப்பதில்லை, பிற கிருமிகள் இழக்கும் என்பது அவர் கண்ட உண்மை. சீல், நீல்சன் என்னும் இருவர் அதனை மேலும் செம்மை செய்தனர். நீலப் புலத்திற் சிவந்த கோல்களாய்க் கிருமி தோன்றும் அம்முறை இன்றளவும் உலகமெங்கும் கையாளப்படுகின்றது. சில ஆண்டுகளின் பின் ஏர்லிஷ் தம் சளியைத் தாமே சோதித்து, தாம் திருத்திய முறையாலேயே தம்மிடத்துச் சயரோகம் இருத்தலை அறிந்தார். எகிப்து நாடு சென்று தங்கி உடல்நலம் தேறினார்.

மார்ச் 24ஆந் தேதியை உலகம் இன்று சயரோக நாளாகக் கொண்டாடுதற்குக் காரணம் அம்மாலையே. அன்றுவரை பழியும் ஊழும் குலக்குறையும் எனப் பேசப்பட்ட ஒன்று, அன்று முதல் அளக்கவும் வளர்க்கவும் தேடிப் பிடிக்கவும் கூடிய ஒரு கிருமியாயிற்று.

இடறிய படி

புகழ் பெருகிற்று. 1883ஆம் ஆண்டில் எகிப்துக்கும், அங்கிருந்து கல்கத்தாவுக்கும் சென்று, 1884ஆம் ஆண்டில் வாந்திபேதிக் கிருமியைத் தனித்தெடுத்து மீண்டார். 1885ஆம் ஆண்டிற் பேர்லின் பல்கலைக்கழகத்திற் சுகாதாரப் பேராசிரியரானார். வேரைக் கண்டவர் மருந்தையும் காண்பார் என்று மக்கள் எதிர்பார்த்தனர். அரசினரும் ஆவலுடன் நோக்கினர். அவ்வெதிர்பார்ப்பே அவர்க்குப் பகையாயிற்று.

1890ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பேர்லினிற் பத்தாவது அனைத்துலக மருத்துவ மாநாடு கூடிற்று. அங்கே கொக் அவர்கள், கினிப்பன்றிகளிற் சயரோகத்தின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் ஒன்றைத் தாம் கண்டிருப்பதாக அறிவித்தார். அவ்வாண்டு நவம்பரில் மனிதரிடத்துப் பெற்ற முதற் பயன்களையும் வெளியிட்டார். மருந்து எதனாற் செய்யப்பட்டதென்பதை மட்டும் வெளிப்படுத்தினாரல்லர். ரியூபகுலின் எனப் பின்னர் பெயர் பெற்ற அம்மருந்தைத் தேடி நாடெங்கணுமிருந்து நோயாளர் பேர்லினுக்கு வந்து குவிந்தனர். நடக்கவியலாதோரும் தூக்கிவரப்பட்டனர். விடுதிகள் நிரம்பின. வைத்தியர்களும் மருந்துக்காகக் காத்துக் கிடந்தனர்.

அவ்வாறு வந்த வைத்தியருள் ஒருவர், ஷேர்லொக் ஹோம்ஸ் கதைகளால் நம் மாணவர் நன்கறிந்த கொனன் டொயில் ஆவர். கொக் அவர்களைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. எனினும் நோயாளரைப் பார்த்தும் விவரங்களை ஆராய்ந்தும், இம்மருந்து கிருமியைக் கொல்வதன்று என்று எழுதி எச்சரித்தார். 1891ஆம் ஆண்டு ஜனவரியில், முதுபேரறிஞர் விர்ஷோ, மருந்தேற்றப்பட்டு இறந்தோரின் உடல்களைப் பிளந்து பார்த்தார். கிருமிகள் உயிருடன் இருந்தன. சிலரிடத்து நோய் புதிய இடங்களுக்குப் பரவியிருந்ததையும் காட்டினார். அம்மாதத்திலேயே கொக் அவர்கள், தம் மருந்து சயரோகக் கிருமியின் வளர்ப்பிலிருந்து கிளிசரினால் வடித்தெடுத்த சாறு என்பதை வெளியிட வேண்டியவரானார். நம்பி வந்தோரிற் பலர் ஏமாற்றத்துடன் ஊர் திரும்பினர். பலர் திரும்பவே இல்லை. மருந்தால் வரும் வருவாயையும் அவர் நாடினார் என்ற பழிச்சொல்லும் எழுந்தது.

எங்கே பிழை நேர்ந்தது? நன்கு சிந்திக்கத்தக்க வினா இது. ஒரு கிருமியை நோயின் காரணமெனக் கொள்ளுமுன் அது நோயுற்றார் யாவரிடத்தும் இருத்தல் வேண்டும்; தனியே வளர்க்கப்படல் வேண்டும்; மீள ஏற்றின் அந்நோயையே தரல் வேண்டும் என்று உலகுக்கு விதி வகுத்தவர் அவரே. அவ்விதியைச் சயரோகக் கிருமிக்கு இம்மியும் தளராது பொருத்திக் காட்டியவரும் அவரே. ஆனால் மருந்தென வந்தபோது, குணமாயின எனப்பட்ட கினிப்பன்றிகளின் விவரங்களை முறையாகப் பிறர் முன் வைத்திலர். பிறர் சோதித்தறியக் காலமும் தந்திலர். எட்டு மாதம் வாய் திறவாது உழைத்தவர், உலகம் அவசரப்படுத்தியபோது தாமும் அவசரப்பட்டார்.

அவர் நெஞ்சில் வஞ்சனை இருந்ததென நாம் கருதவில்லை. பிறர்க்குக் கொடுக்குமுன் அம்மருந்தைத் தம் கையிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்துள் கைகால் உளைவும், மூச்சுத் திணறலும், கடும் நடுக்கமும், காய்ச்சலும் கண்டு வருந்தினார். ஆயினும் நல்லெண்ணம் சான்றுக்கு ஈடாவதில்லை. நல்லெண்ணமுடையார் செய்யும் பிழையாலும் நோயாளர் இறக்கின்றனர்.

வீழ்ச்சியிற் கிடைத்த பயன்

அக்கடும் எதிர்வினையிலேயே ஓர் உண்மை மறைந்து கிடந்தது. ரியூபகுலின் கிருமியைக் கொல்வதன்று; ஆனால் சயரோகக் கிருமியை முன்னரே சந்தித்த உடல் அதனை அடையாளங் கண்டு பொங்கி எழுகின்றது. சந்தியாத உடல் வாளாவிருக்கின்றது. 1907ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துப் பிர்க்கே என்பார் அதனைத் தோலிற் சிறிதளவு இட்டுப் பார்த்தார். அடுத்த ஆண்டிற் பிரான்சு நாட்டு மன்ரூ என்பார் தோலின் உட்படையில் ஊசியால் ஏற்றும் முறையைக் கண்டார். இன்றும் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களிற் பிள்ளைகளின் முன்கையில் மருந்தேற்றி, இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளந்து பார்க்கின்றார்களே, அச்சோதனைக்கு மன்ரூவின் பெயரே வழங்குகின்றது. நோயைத் தீர்க்க வந்து தோற்ற மருந்து, தொற்றை அறிவிக்கும் கருவியாகித் தலை நிமிர்ந்தது.

கொக் அவர்களின் பிற்கால வாழ்வும் மேடு பள்ளங்கள் உடையதே. 1891ஆம் ஆண்டிற் பேர்லினில் அவர்க்கெனத் தொற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று அமைந்தது. ஏர்லிஷ், பேரிங், யப்பான் நாட்டுக் கித்தசாத்தோ முதலிய பேரறிஞர் அங்கே பணியாற்றினர். 1893ஆம் ஆண்டில் முதல் மனைவியாரை விலக்கி, தம்மினும் மிக இளையவரான ஹெட்விக் என்பாரை மணந்தமை ஊரார் வாய்க்கு அவலாயிற்று. 1901ஆம் ஆண்டு இலண்டன் மாநாட்டில், மாட்டுச் சயரோகத்தால் மனிதர்க்கு இடர் மிகச் சிறிதே என்றார். பின்னர் நடந்த நெடிய விசாரணை அது பிழையெனக் காட்டிற்று. 1906ஆம் ஆண்டில் ஆபிரிக்கா சென்று, உறக்கநோய்க்கு அற்றொக்சில் என்னும் நஞ்சுடை மருந்தைக் கொடுத்தார். அதனாற் சிலர் கண்ணொளி இழந்தனர். பெரியோரின் பெருமையைச் சொல்லுமிடத்து இவற்றை மறைத்தல் மாணவர்க்கு நாம் இழைக்கும் தீங்காகும்.

1905ஆம் ஆண்டிற் சயரோக ஆராய்ச்சிக்காக நோபெற் பரிசு அவரை வந்தடைந்தது. 1910ஆம் ஆண்டு மே மாதம் 27ஆந் தேதி பாடன்-பாடன் நகரில் இருதய நோயால் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் உடலின் சாம்பல் பேர்லினில் அவர் பெயர் தாங்கிய நிலையத்திலேயே அடக்கஞ் செய்யப்பட்டது.

மூன்றாம் படி

அவர் ஏறமுடியாத படியைப் பிறர் ஏறியது எவ்வாறு என்பதையும் சொல்லி முடித்தல் முறை. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில், வக்ஸ்மன் அவர்களின் ஆய்வுகூடத்தில், அல்பேட் ஷாற்ஸ் என்னும் இளைஞர் மண்ணிலுள்ள நுண்ணுயிரிலிருந்து ஸ்ரெப்ரோமைசின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தார். அது சயரோகக் கிருமியை அடக்கியது. ஆனால் தனியே கொடுத்தபோது கிருமி சில மாதங்களில் அதனை எதிர்த்து நிற்கப் பழகிற்று. பின்னர் வந்த மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோதே வெற்றி நிலைத்தது. 1952ஆம் ஆண்டில் ஐசோனியசிட் வந்தது.

இவ்வரலாற்றில் எம் தமிழகத்துக்கும் ஓர் இடமுண்டு. 1956ஆம் ஆண்டிற் சென்னையில் சயரோக மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. ஒரு பகுதி நோயாளர் சனற்றோறியத்தில் நல்லுணவும் ஓய்வும் பெற்று மருந்துண்டனர். மறுபகுதியினர் தத்தம் நெருக்கமான ஏழை வீடுகளிலேயே அதே மருந்தை உண்டனர். ஓராண்டு கழிந்தபோது இரு பகுதியினரும் ஏறக்குறைய ஒரே அளவிற் குணமடைந்தனர். வீட்டிலிருந்தோரின் உறவினர்க்கு அதனால் மேலதிகமாக நோய் தொற்றவும் இல்லை. 1959ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிவு, உலகெங்கும் சிகிச்சை முறையையே மாற்றியது. கொக் அவர்கள் 1890ஆம் ஆண்டிற் செய்யத் தவறிய ஒப்பீட்டை, சென்னை அறிஞர்கள் நிதானத்தோடு செய்து காட்டினர் எனலாம்.

இன்றோ, இரு கிழமைக்கு மேல் இருமல் நீடிப்பின் சளியைச் சோதித்தல் வேண்டும். நுணுக்குக்காட்டியோடு, கிருமியின் மரபுப் பொருளைச் சில மணி நேரத்தில் அறியும் பொறியும், எக்ஸ் கதிர்ப் படமும் உதவுகின்றன. மருந்துக்கு அடங்கும் நோயாயின், முதல் இரு மாதங்கள் நான்கு மருந்துகளும் பின் நான்கு மாதங்கள் இரண்டு மருந்துகளுமாக ஆறு மாதத்திற் குணமாகின்றது. எம் நாட்டில் அரசினர் இச்சிகிச்சையை இலவசமாகவே வழங்குகின்றனர். உடல் தேறியதென நினைத்து இடையில் நிறுத்துவதே பேரிடர். எஞ்சிய கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும். இத்தனை இருந்தும் உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் இந்நோய்க்கு ஆளாகின்றனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறக்கின்றனர். கிருமியினும் அச்சமும் வறுமையும் நாணமுமே அவர்களுட் பலரைச் சிகிச்சைக்கு வாராது தடுக்கின்றன.

தொடக்கத்திற் கூறிய அம்மாணவனிடம் மீள்வோம். சயரோகம் இருமும்போதும் பேசும்போதும் வெளிப்படும் நுண்டுளிகளாற் காற்றினூடே பரவுவது. கொப்பியாலும் கோப்பையாலும் பரவுவதன்று. முறையாக மருந்துண்ணத் தொடங்கிய சில கிழமைகளுள் நோயாளர் பெரும்பாலும் பிறர்க்குத் தொற்றச் செய்யும் நிலையைக் கடந்துவிடுகின்றார். இவற்றை நாம் படித்தறிந்த மறுநாள், வகுப்பிற்குச் சென்று முதல் வேலையாக அவன் கொப்பியை இரு கையாலும் வாங்கினோம். அவன் வாங்கிலேயே அவனருகில் அமர்ந்து திருத்தினோம். ஒரு கிழமைக்குள் பிள்ளைகள் தாமாகவே அவ்வாங்குக்குத் திரும்பினர். அவன் ஆறு மாத மருந்தையும் உண்டு முடித்துப் பரீட்சையிலும் தேறினான்.

மாணவச் செல்வங்களே, றொபேட் கொக் அவர்களிடம் நீங்கள் கற்க வேண்டியவை இரண்டு. வசதியற்ற ஊரில், திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தும் உலகுக்கு உண்மை வழங்கலாம் என்பது ஒன்று. உண்மையைக் கண்டவரேயாயினும், சோதனையைக் கைவிட்ட அன்றே இடறுவர் என்பது மற்றொன்று. ஆசிரியராகிய நாம் கற்றது மூன்றாவதொன்று: கிருமியை நுணுக்குக்காட்டியிற் காட்ட ஒரு மேதை வேண்டும், நோயுற்றவன் அருகில் அமர மேதை வேண்டியதில்லை. அறிந்துகொண்டதை அஞ்சாது நடத்திக் காட்டும் நெஞ்சம் ஒன்றே போதும். அந்நெஞ்சத்தை நம் கல்லூரி தன் பிள்ளைகட்கு என்றும் வழங்குவதாக.